பின்பனிக்கால ஆழ்விண் படங்கள்: அறிகுறியைப் பார்த்து இலக்கை மாற்றும் வழிமுறை

நெபுலா, விண்மீன் கொத்து, கேலக்ஸி போன்ற ஆழ்விண் பொருள்களின் படம் கெட்டுப்போனால் நம் கை முதலில் ஃபோகஸ் திருகுக்கும் அடுத்து, தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்டின் மோட்டாருக்கும் போகிறது. ஆனால் மாசி, பங்குனி மாதங்களில் சிறிய தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் காட்டும் குறைப் படங்களைப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கருவி காரணமில்லை என்றும், அந்த இரவுக்கோ அந்தக் குழாயின் அளவுக்கோ பொருந்தாத இலக்கைத் தேர்ந்ததே காரணம் என்றும் தெரிகிறது. ஆகவே இந்த வழிமுறையில் படத்தில் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்கி, எதைச் சோதிப்பது, எந்த இலக்குக்கு மாறுவது என்று பார்ப்போம்.

கணக்குகளுக்கு ஓர் அடிப்படை வேண்டும். 400 மி.மீ. குவியத் தூரமுள்ள 70 அல்லது 80 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கி, ஏபிஎஸ்-சி அளவுச் சென்சார் உள்ள கேமரா, கோவைக்கும் திருச்சிக்கும் பொதுவான 11 டிகிரி வட அட்சம், பிப்ரவரி 20-ஐ ஒட்டிய இரவு ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறேன். அன்று வானம் முழுமையாக இருள ஏழரை மணி ஆகிவிடும். விண்மீன்கள் நாளுக்கு நான்கு நிமிடம் முன்னதாக வருவதால், மார்ச் 20-இல் இங்கே சொல்லும் நேரங்களிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெற்கு இலக்குகள் இரண்டு டிகிரி தாழ்ந்தும், கன்னியாகுமரியில் மூன்று டிகிரி உயர்ந்தும் இருக்கும்.

அறிகுறி: முதல் படங்கள் நன்றாக வந்தன; போகப்போக வானம் செம்மஞ்சளாகி, இலக்கு வெளிறிவிட்டது

இலக்கு மேற்கில் இறங்கிக்கொண்டிருக்கிறது. டிசம்பரில் நன்றாக வந்த ஆன்ட்ரோமெடா கேலக்ஸியை, பழகிய இலக்கு என்பதற்காகவே பிப்ரவரியிலும் தேடிப் போகிறவர்கள் பலர். ஆனால் பிப்ரவரி 20 அன்று வானம் இருளும் நேரத்திலேயே அது 24 டிகிரி உயரத்துக்கு வந்துவிடுகிறது; பத்து மணிக்குள் மறைந்தும் விடுகிறது. கார்த்திகைக் கூட்டம் சற்றுப் பரவாயில்லை. ஒன்பது மணிக்கு 46 டிகிரியில் இருந்து பத்து மணிக்கு 32 டிகிரிக்கு இறங்குவதால், அதற்குக் கிடைப்பது மொத்தமே இரண்டரை மணி நேரம்தான். தொடுவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் உள்ள ஒரு பொருளின் ஒளி, தலைக்கு நேர் மேலே உள்ளதன் ஒளியைவிட இரண்டு மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. 20 டிகிரியில் அது ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்தக் காற்று முதலில் விழுங்குவது நீல ஒளியை. எனவே விண்மீன் ஒளியைப் பிரதிபலிக்கும் தூசான நீலப் பிரதிபலிப்பு நெபுலாவுக்காகவே எடுக்கப்படும் கார்த்திகைக் கூட்டத்தைத் தாழ்வானில் படமெடுப்பதில் பொருளில்லை.

சோதிக்கும் முறை எளிது. வான் வரைபட மென்பொருளான ஸ்டெல்லேரியத்தில் இலக்கு வடக்கு-தெற்கு உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்தைப் பாருங்கள். அது இருள் சூழ்ந்து ஒரு மணி நேரமாவது கழிந்த பிறகு நடக்குமானால் அந்த இலக்கை வைத்துக்கொள்ளலாம். ஓரியன் நெபுலாவான எம் 42 (எம், என்ஜிசி என்பவை விண்பொருள் பட்டியல்களின் எண்கள்) எட்டு மணிக்குச் சற்று முன்னரே உச்சிக்கோட்டைக் கடந்துவிடுவதால் அது இந்த விதிக்குள் வராது. ஆனால் அதன் ஒளி தாராளமானது என்பதால் விதிவிலக்கு தரலாம். ரோசெட் நெபுலா 8.50 மணிக்கும், எம் 46 விண்மீன் கொத்து பத்து மணிக்கும், பூச நட்சத்திரத்தை ஒட்டிய தேன்கூட்டுக் கொத்தான எம் 44 பதினொரு மணிக்கும், சிம்ம மும்மை எனப்படும் எம் 65, எம் 66, என்ஜிசி 3628 ஆகிய கேலக்ஸிகள் ஒன்றரை மணியளவிலும் உச்சிக்கோட்டுக்கு வருகின்றன. ஒரே இரவில் இரண்டு இலக்கு வேண்டுமென்றால், நள்ளிரவு வரை ரோசெட், பிறகு சிம்ம மும்மை என்ற வரிசையைவிட நல்லது எனக்குத் தோன்றவில்லை.

அறிகுறி: பட்டியலில் "எளிது" என்றிருந்த இலக்கு இங்கே மங்கலாகவும், விண்மீன்களின் ஒரு விளிம்பு சிவந்தும் மறு விளிம்பு நீலமாகவும் வருகிறது

நாம் படிக்கும் பட்டியல்களில் மிகுதியானவை 40 முதல் 50 டிகிரி வட அட்சத்தில் இருப்பவர்கள் தமக்காக எழுதிக்கொண்டவை. அவர்களுக்கு இரவு முழுவதும் உயரத்திலேயே சுற்றும் எம் 81, எம் 82 கேலக்ஸி இணை, திருச்சியில் அதன் உச்ச நிலையிலும் 32 டிகிரியைத் தாண்டுவதில்லை. இதய நெபுலா எந்த மாதத்திலும் 40 டிகிரியை எட்டாது. பிப்ரவரியில் இருள் சூழும்போதே அதன் உயரம் 32 டிகிரியாகக் குறைந்துவிடும். விண்மீன் விளிம்பில் நிறம் பிரிவது லென்ஸின் குறை என்று எண்ணி விற்பனையாளருக்குக் கடிதம் எழுதும் முன், அதே இரவில் தலைக்கு மேலே உள்ள ஒரு விண்மீனைப் படமெடுத்துப் பாருங்கள். அங்கே நிறம் பிரியவில்லையென்றால், தாழ்வானில் காற்றே பட்டகம்போல் ஒளியைப் பிரித்திருக்கிறது.

அந்தப் பட்டியல்களில் ஓரமாக ஒதுக்கப்பட்டவற்றைத் தேடுவது நமக்கு ஆதாயம். பப்பிஸ் மண்டலத்தின் எம் 46, எம் 47 இரட்டைக் கொத்துகள் லண்டனில் 24 டிகிரிக்கு மேல் ஏறாதவை; நமக்கு 64 டிகிரியில் நிற்கின்றன. சிரியஸுக்கு நான்கு டிகிரி தெற்கே உள்ள எம் 41 கொத்து நமக்கு 58 டிகிரி. காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி உள்ள வேணு பாப்பு வானாய்வகத்துக்கு அந்த இடத்தைத் தேர்ந்ததில், நிலநடுக்கோட்டுக்கு அருகிலிருந்து வடவானையும் தென்வானையும் சேர்த்துப் பார்க்கலாம் என்பதற்கும் பங்கு உண்டு. 80 மி.மீ. குழாய்க்கும் அதே சலுகை கிடைக்கிறது.

கரினா நெபுலா மட்டும் தனிக் கவனம் கேட்கும். ஒரு மணியளவில் உச்சிக்கோட்டுக்கு வரும்போதும் அதன் உயரம் 19 டிகிரிதான். ஆயினும் அது எம் 42-ஐவிடப் பரப்பில் பல மடங்கு பெரியது, ஒளியும் மிக்கது என்பதால் காற்று விழுங்கிய பிறகும் மிச்சம் இருக்கிறது. உச்சிக்கோட்டுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு மணி நேரம் மட்டுமே எடுங்கள். தெற்கே நகரம் இல்லாத இடம் கட்டாயம். சென்னைக்காரர்கள் நகரத்தைத் தாண்டித் தெற்கே போய், நகர வெளிச்சத்தை முதுகுப் பக்கம் விட்டுவிடுவதே சரி. ஒமேகா சென்டாரி உருண்டைக் கொத்து 31 டிகிரி வரை ஏறும். ஆனால் பிப்ரவரியில் அதற்காக விடியற்காலை மூன்றே முக்கால் வரை காத்திருக்க வேண்டும். பங்குனிக்குத் தள்ளிவைப்பதே மேல்.

அறிகுறி: மணிக்கணக்கில் பல படங்கள் எடுத்து ஒன்றாக அடுக்கியும் நெபுலா எழவில்லை, சாம்பல் நிற வானத்தில் விண்மீன்கள் மட்டுமே இருக்கின்றன

இந்த அறிகுறிக்குக் காரணங்கள் நான்கு இருக்கக்கூடும். அவற்றை வரிசையாக விலக்க வேண்டும்.

முதலில் கேமரா. கடையில் வாங்கிய நிலையிலேயே உள்ள டிஎஸ்எல்ஆர் கேமராவின் சென்சாருக்கு முன்னுள்ள ஃபில்டர், 656.3 நானோமீட்டரில் வரும் ஹைட்ரஜன்-ஆல்ஃபாவின் சிவப்பு ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. ரோசெட், குதிரைத்தலை, ஜெல்லிமீன் ஆகிய மூன்று நெபுலாக்களும் ஏறக்குறைய அந்த ஒளியை நம்பியே இருப்பவை. எம் 42 மட்டும் இதே கேமராவில் நன்றாக வருவதற்குக் காரணம், அதில் ஆக்சிஜனின் நீலப்பச்சையும் விண்மீன் ஒளியைப் பிரதிபலிக்கும் தூசும் சேர்ந்திருப்பதே. ஃபில்டர் அகற்றாத கேமரா உள்ளவர்கள் விண்மீன் கொத்துகளுக்கும் கேலக்ஸிகளுக்கும் மாறிவிடலாம். அங்கே அந்தக் கேமராவுக்கு எந்தக் குறையும் இல்லை.

இரண்டாவது, திருகி மாட்டிய ஃபில்டர். ஹைட்ரஜன்-ஆல்ஃபா, ஆக்சிஜன் ஆகிய இரண்டு குறுகிய அலைவரிசைகளை மட்டும் விடும் இரட்டைப் பட்டை ஃபில்டர், நகரத்து மாடியிலிருந்து ரோசெட்டை எடுப்பவருக்குப் பெரிய உதவி. அதையே கழற்ற மறந்து சிம்ம மும்மையை எடுத்தால் நிலைமை தலைகீழாகும். கேலக்ஸியின் ஒளி கோடிக்கணக்கான விண்மீன்களின் கூட்டொளி. அது எல்லா நிறங்களிலும் பரவியிருப்பதால், ஃபில்டர் வானத்து வெளிச்சத்தோடு சேர்த்துக் கேலக்ஸியையும் வெட்டிவிடுகிறது. கார்த்திகைக் கூட்டம், எம் 78 போன்ற பிரதிபலிப்பு நெபுலாக்களுக்கும் இதே கதைதான். சோடியம் விளக்குகளை வடிகட்டுவதற்காக விற்கப்பட்ட பழைய வகை ஃபில்டர்களை, தெருவெல்லாம் வெள்ளை எல்இடி ஆகிவிட்ட ஊரில் காசு கொடுத்து வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

மூன்றாவது, ஒளிர்வெண் (எண் குறையக் குறைய ஒளி மிகுதி) தரும் மயக்கம். எம் 101 கேலக்ஸியின் ஒளிர்வெண் 7.9, சோம்ப்ரேரோ எனப்படும் எம் 104-இன் ஒளிர்வெண் 8.0. எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதலாவது ஏறக்குறைய முழு நிலவின் அகலத்துக்குப் பரவியிருக்கிறது. இரண்டாவது 9 ஆர்க் நிமிட (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) நீளமும் 4 ஆர்க் நிமிட அகலமுமே உள்ள ஒரு சிறு பரப்பில் அதே ஒளியைத் திரட்டி வைத்திருக்கிறது. பரப்பில் இருபது மடங்குக்கும் மேல் வேறுபாடு இருக்கும்போது, ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் ஒளியும் அதே அளவுக்கு வேறுபடும். நகர்ப்புற வானில் எம் 101 எழாமல் போவதும், எம் 104 அதன் தூசுக் கோட்டோடு நிமிர்ந்து நிற்பதும் இதனால்தான். பட்டியலில் ஒளிர்வெண்ணோடு அளவையும் சேர்த்தே படிக்க வேண்டும். எம் 104 மார்ச் 20 அளவில் ஒரு மணிக்கு 67 டிகிரி உயரத்தில் வருவதால், பங்குனிக்கு அது நல்ல தேர்வு.

நான்காவது, வானமேதான். நல்ல கிராமத்து வானத்தின் இருட்டு, ஒரு சதுர ஆர்க் செகண்டுக்கு (ஆர்க் செகண்ட் என்பது ஆர்க் நிமிடத்தில் அறுபதில் ஒரு பங்கு) 21 ஒளிர்வெண் என்றும், நகரத்தில் அது 18 என்றும் கொண்டால், நகரத்து வானம் 16 மடங்கு வெளிச்சமானது. ஃபில்டர் இல்லாமல் மங்கலான இலக்கை எடுக்கும்போது, கிராமத்தில் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் தரத்துக்கு நகரத்தில் ஏறத்தாழ 16 மணி நேரம் திரட்ட வேண்டியிருக்கும். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் மாடியிலிருந்து சூனியக்காரித் தலை நெபுலாவை முயல்வேன் என்பவரை நான் தடுக்கமாட்டேன். ஆனால் அதே நேரத்தில் எம் 35 விண்மீன் கொத்தையும், அதே ஃப்ரேமில் பொடி தூவியதுபோல் தெரியும் தொலைதூரக் கொத்தான என்ஜிசி 2158-ஐயும் அருமையாக எடுத்து முடித்திருக்கலாம்.

அறிகுறி: இலக்கு படத்தின் நடுவே ஒரு புள்ளியாக இருக்கிறது; பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது

பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து, 206 ஆல் பெருக்கி, குவியத் தூரத்தை மி.மீ.-இல் வைத்து வகுத்தால், ஒரு பிக்சல் வானில் எத்தனை ஆர்க் செகண்டை அடக்குகிறது என்று கிடைக்கும். 3.9 மைக்ரான் பிக்சலும் 400 மி.மீ. குழாயும் சேர்ந்தால் அது இரண்டு ஆர்க் செகண்ட். மிதுனத்தில் உள்ள எஸ்கிமோ நெபுலா 48 ஆர்க் செகண்ட் அகலம். அதாவது மொத்தம் 24 பிக்சல். பார்லோ லென்ஸ் மாட்டிக் குவியத் தூரத்தை இரட்டித்தால் 48 பிக்சல் ஆகுமே என்று தோன்றும். ஆனால் அதே ஒளி நான்கு மடங்கு பிக்சல்களில் பரவிவிடுவதால் எக்ஸ்போஷர் நேரம் நான்கு மடங்காகும். மவுண்டின் சிறு தடுமாற்றமும் இரட்டிப்பாகத் தெரியும்.

சிறிய குழாய்க்கு ஏற்றது, தனியே ஒரு சிறு பொருளைத் துரத்துவதைவிட, பலவற்றை ஒரே ஃப்ரேமில் சேர்ப்பதாகும். சிம்ம மும்மையின் மூன்று கேலக்ஸிகளும் அரை டிகிரியைச் சற்றுத் தாண்டிய பரப்பில் அடங்குகின்றன. எம் 46, எம் 47 இரண்டும் ஒரே படச்சட்டத்துக்குள் வரும். எம் 46-இன் விண்மீன்களுக்கு இடையே ஒரு ஆர்க் நிமிடமே உள்ள என்ஜிசி 2438 என்ற கோள்வடிவ நெபுலா சிறு வளையமாகத் தெரியும்போது, அந்த அளவே படத்துக்கு அழகாகிவிடுகிறது. அதையே தனி இலக்காக வைத்திருந்தால் ஏமாற்றம்தான்.

அறிகுறி: நெபுலாவின் ஓரம் வெட்டுப்பட்டு வருகிறது

மேற்சொன்ன கேமராவுக்கும் குழாய்க்கும் கிடைக்கும் படச்சட்டம் 3.4 டிகிரிக்கு 2.2 டிகிரி; 1.3 டிகிரி அகலமுள்ள ரோசெட் அதில் இடம் விட்டு அமரும். 250 மி.மீ. குவியத் தூரமே இருந்தாலும், சென்சார் மிகச் சிறியதாக இருப்பதால், சீஸ்டார் எஸ்50 போன்ற தானியங்கித் தொலைநோக்கிக்குக் கிடைப்பது 1.3 டிகிரிக்கு 0.7 டிகிரி மட்டுமே. அதில் ரோசெட் அடங்காது. எம் 42-இன் சிறகுகளும் வெட்டுப்படும். துண்டு துண்டாக எடுத்து இணைக்கும் மொசைக் முறையில் எடுக்கலாம், அல்லது எம் 35, சிம்ம மும்மை என்று மாறலாம்.

அறிகுறி: நடுவில் விண்மீன்கள் புள்ளியாகவும், மூலைகளில் வில்லாகவும் இருக்கின்றன, அடுக்கிய படத்தின் ஓரங்கள் வீணாகின்றன

மேலும் கீழுமாகவும் இடமும் வலமுமாகவும் திரும்பும் மவுண்டில் இது வந்தால் அதன் பெயர் புலச் சுழற்சி. மவுண்ட் இலக்கைச் சரியாகவே பின்தொடர்கிறது. ஆனால் வானம் அந்த இலக்கைச் சுற்றித் திரும்புகிறது. நம் அட்சத்தில் இதற்கு ஒரு விசேஷம் உண்டு. அதை ரோசெட்டை வைத்தே பார்க்கலாம்.

ரோசெட் உச்சிக்கோட்டைக் கடக்கும் 8.50 மணிக்கு நம் தலையுச்சியிலிருந்து ஆறே டிகிரி தள்ளி இருக்கிறது. அந்த நேரத்தில் புலம் மணிக்கு 140 டிகிரி வேகத்தில் சுழல்கிறது. பத்து நொடி எக்ஸ்போஷரிலும் மூலை விண்மீன் நீளும். ஒரு மணி நேரம் கழித்து வேகம் மணிக்கு 19 டிகிரியாகக் குறைகிறது. 10.50 மணிக்கு, இலக்கு மேற்கில் 60 டிகிரி உயரத்தில் இருக்கும்போது, மணிக்கு ஐந்து டிகிரிக்கும் கீழ். 12.50 மணிக்கு 30 டிகிரி உயரத்தில் அது மணிக்குக் கால் டிகிரியைக்கூட எட்டுவதில்லை, ஏனென்றால் நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் இத்தகைய விண்மீன்கள் நேர் கிழக்கில் ஏறி நேர் மேற்கில் செங்குத்தாக இறங்குகின்றன. வட நாடுகளில் சாய்வாக இறங்கும் வானத்தில் இந்த வசதி கிடையாது. ஆகவே இவ்வகை மவுண்ட் உள்ளவர்கள், "உச்சியில் இருக்கும்போது எடு" என்ற பொதுவான அறிவுரையை ரோசெட் விஷயத்தில் கைவிட்டு, 10.45 முதல் 12.15 வரை எடுக்க வேண்டும். சிம்ம மும்மைக்கும் உச்சிக்கோட்டுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு மணி நேரத்தை விட்டுவிடலாம்.

துருவ விண்மீனை நோக்கி அச்சு அமைக்கும் மவுண்டில் எல்லா விண்மீன்களும் ஒரே திசையில் நீண்டிருந்தால் அது வேறு நோய். நமக்குத் துருவ விண்மீன் 11 டிகிரி உயரத்தில், பெரும்பாலும் தென்னை மரத்துக்கோ பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கோ பின்னால் இருப்பதால் அச்சு சரியாக அமைவதில்லை. சரிசெய்ய வழியில்லாத இரவில், குறுகிய எக்ஸ்போஷரிலேயே நிறைவாக வரும் எம் 44, எம் 47 போன்ற கொத்துகளை எடுங்கள்.

அறிகுறி: ஓரியன் நெபுலாவின் நடுப்பகுதி வெள்ளையாக வெந்துவிட்டது

நடுவிலுள்ள நான்கு விண்மீன்களான டிரபீசியத்தைச் சுற்றிய பகுதிக்கும் வெளிச்சிறகுகளுக்கும் இடையே உள்ள ஒளி வேறுபாடு எந்த ஒற்றை எக்ஸ்போஷருக்கும் அடங்காது. ஐந்து நொடி, முப்பது நொடி, இரண்டு நிமிடம் என்று மூன்று தொகுதிகள் எடுத்துத் தனித்தனியே அடுக்கிப் பிறகு இணைக்க வேண்டும். குதிரைத்தலைக்கு அரை டிகிரி தள்ளியுள்ள அல்நிடாக் விண்மீன் தரும் ஒளிவட்டத்துக்கு இந்தத் தீர்வு உதவாது. அது ஃபில்டரிலும் லென்ஸ் பரப்புகளிலும் பட்டுத் திரும்பும் ஒளி. விண்மீனைச் சட்டத்துக்குள் இடம் மாற்றி வைத்துச் சோதிப்பதைத் தவிர வழி குறைவு.

அறிகுறி: ஊரே இல்லாத இடத்திலும் வானம் ஒரு பக்கம் வெளுத்திருக்கிறது

பஞ்சாங்கத்தைப் பாருங்கள். தைப்பூசத்தன்று நிலவு எம் 44 பக்கத்திலும், மாசி மகத்தன்று சிம்மத்தின் மக நட்சத்திரத்தருகிலும் நிற்கும். சிம்ம மும்மை பூர நட்சத்திரத்துக்குச் சற்றுத் தெற்கே இருப்பதால், மாசிப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நான்கு இரவுகள் அதற்கு முற்றிலும் ஆகாதவை. அந்த நாள்களில் இரட்டைப் பட்டை ஃபில்டரோடு ரோசெட்டையோ, ஃபில்டர் இல்லாமல் எம் 41-ஐயோ எடுக்கலாம். கேலக்ஸிகளுக்கு உரியது தேய்பிறையின் கடைசி வாரம். மகா சிவராத்திரி அமாவாசைக்கு முந்தைய இரவாக அமைவதால் விடியும்வரை நிலவின் தொந்தரவு இல்லை. எப்படியும் கண்விழிக்கிற இரவு அது. கோவில் விளக்குகளும் ஒலிபெருக்கியும் எட்டாத தொலைவுக்கு மட்டும் போய்விடுங்கள்.

அறிகுறி: நள்ளிரவுக்குப் பின் எல்லா விண்மீன்களும் ஊதி, ஒவ்வொன்றையும் சுற்றி மங்கலான வட்டம் விழுகிறது

ஃபோகஸைத் தொடும் முன் லென்ஸைப் பாருங்கள். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். மச்சைத் துளைக்கும் பனிக்கு 80 மி.மீ. கண்ணாடி எம்மாத்திரம். தலையுச்சியை நோக்கி நிற்கும் குழாயின் லென்ஸ் திறந்த வானத்துக்குத் தன் வெப்பத்தை வேகமாக இழப்பதால், அதன் மீதே பனி முதலில் படிகிறது. சுற்றிக் கட்டும் ஹீட்டர் பட்டையை, பனி படிந்த பிறகு போடாமல், வானம் இருளும்போதே குறைந்த சூட்டில் போட்டுவிட வேண்டும். படிந்துவிட்டால் துணியால் துடைக்காமல், குழாயைக் கீழ்நோக்கித் திருப்பி, இளஞ்சூடான காற்றால் உலர்த்துங்கள். படங்களை அடுக்கும்போது, ஊதிய விண்மீன்கள் உள்ளவற்றை நேர வரிசையில் பார்த்து, பனி தொடங்கிய படத்திலிருந்து உலர்த்தி முடித்த படம்வரை அனைத்தையும் நீக்கிவிட வேண்டும். மென்பொருளின் தானியங்கித் தெரிவு, சற்றே பனி படிந்த தொடக்கப் படங்களைத் தப்பவிட்டுவிடுகிறது.